தீம் பார்க் சுற்றுலா: குறைத்த எடையை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: ஏழு மாதத்தில் 11 கிலோ குறைத்திருக்கிறேன். இப்போது 74 கிலோ. தினமும் 1500 கலோரி கணக்கில் சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் கணவர், இரண்டு பிள்ளைகளோடு ஐந்து நாள் ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போகிறோம். காலைச் சாப்பாடு ஹோட்டலில், மற்றதெல்லாம் பார்க்குக்குள்தான். எல்லோரும் சாப்பிடும்போது நான் மட்டும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டுமா? இல்லை, ஐந்து நாளும் கணக்கை விட்டுவிட்டு, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா? பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

முதலில் அந்தப் பயத்தைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரிக்குச் சமம். நீங்கள் குறைத்த 11 கிலோவும் கொழுப்பாகவே திரும்பி வர வேண்டுமென்றால், உடலின் தேவைக்கு மேல் சுமார் 85,000 கலோரி உள்ளே போக வேண்டும். ஐந்து நாளில் அது நடக்க, ஒவ்வொரு நாளும் 17,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டாக வேண்டும். மனிதரால் ஆகிற காரியமில்லை. கொஞ்சம் தாராளமாகவே சாப்பிட்டு, தினமும் தேவைக்கு மேல் 500 கலோரி போனது என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து நாளில் சேர்வது 2500 கலோரி. கொழுப்பாகப் பார்த்தால் கால் கிலோவுக்குச் சற்று மேல். ஏழு மாத உழைப்பை ஐந்து நாள் அழித்துவிடாது.

அப்படியென்றால் கணக்கை விட்டுவிடலாமா என்றால், அதுவும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2016-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்று முதல் மூன்று வாரம் வரை விடுமுறைக்குப் போன 122 பேரைப் போவதற்கு முன்னும், வந்த பிறகும், அதற்கு ஆறு வாரம் கழித்தும் எடை பார்த்தார்கள். விடுமுறையில் கூடியது சராசரியாக 0.3 கிலோதான். கவலைக்குரிய விஷயம் அடுத்தது: ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது குறையவில்லை, இன்னும் துளி கூடியிருந்தது. இத்தனைக்கும் விடுமுறையில் அவர்களுடைய நடமாட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கூடியது சாப்பாடும் மதுவும்.

என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடமும் இதையேதான் பார்க்கிறேன். சுற்றுலாவில் சாப்பிட்டது சின்ன விஷயமாக இருக்கும். வந்து எடை மெஷினில் ஏறி, எண்ணைப் பார்த்து மனசு உடைந்து, "சரி, எல்லாம் போச்சு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்று விட்டுவிடும் அந்த மூன்று வாரம்தான் பெரிய விஷயம். அதனால் இந்தப் பதிலில் திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியதும் சேர்ந்தே வரும்.

நீங்கள் கேட்ட இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அந்த ஐந்து நாளும் எடை குறைய வேண்டாம், கூடாமல் இருந்தால் போதும். இதைக் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். வீட்டில் 1500 கலோரி சாப்பிட்டு எடை குறைகிறது என்றால், கூடாமலும் குறையாமலும் இருக்க உங்களுக்கு நாளொன்றுக்கு 2000 கலோரி வாக்கில் தேவைப்படும். பார்க்கில் இருக்கும் நாளில் நடை அதோடு சேரும். உட்கார்ந்திருப்பதைவிட நடப்பதால் கூடுதலாகச் செலவாவது, கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் அரை கலோரி. 74 கிலோ எடையில் ஒரு நாள் 12 கிலோமீட்டர் நடந்தால் (பெரிய பார்க்கில் அது சர்வசாதாரணம்) 450 கலோரி போல வரும். ஆக, அன்று 2200 வரை சாப்பிட்டாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. 1500-க்கும் 2200-க்கும் இடையில் இருக்கும் 700 கலோரி, டப்பாவைத் தேவையில்லாததாக்கிவிடுகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவதில் ஒன்றை நீங்களும் நிம்மதியாகச் சாப்பிட அந்த இடம் தாராளம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் இதைவிடப் பெரிய எண்ணைக் காட்டலாம். அதை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே காட்டின. கலோரிச் செலவில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். இன்னொன்று, பார்க்கில் "நாள் முழுக்கக் காலிலேயே நின்றேன்" என்று நாம் சொல்லும் நேரத்தில் பெரும்பகுதி வரிசையில் நிற்பது. கால் வலிக்கும், அசதியாக இருக்கும், ஆனால் செலவு மிகக் குறைவு. உட்கார்வதைவிட நிற்பதற்கு நிமிடத்துக்கு 0.15 கலோரி அளவுக்குத்தான் கூடுதலாக ஆகிறது. நான்கு மணி நேரம் வரிசையில் நின்றால் 36 கலோரி, அரை ஆப்பிள்கூட இல்லை. அசதிக்கும் கலோரிக்கும் சம்பந்தமில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஏனென்றால் சாயங்காலம் "இவ்வளவு அலைந்திருக்கிறோமே" என்ற எண்ணம் கட்டாயம் வரும்.

சரி, உண்மையான சிக்கல் எந்த இடத்தில் வருகிறது என்று பார்ப்போம். பலரும் தின்பண்டக் கடைகளைத்தான் எதிரியாக நினைக்கிறார்கள். நான் கடிகாரத்தைச் சொல்வேன், குறிப்பாகச் சாயங்காலம் நான்கு மணியை.

பொதுவாக அந்த நாள் இப்படிப் போகும். காலையில் கூட்டத்துக்கு முன்னால் நுழைய வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு காபி, ஒரு பன். பதினொரு மணிக்கெல்லாம் பசி எட்டிப் பார்க்கும், ஆனால் அப்போதுதான் பிள்ளைகள் ஆசைப்பட்ட ரைடுக்கு வரிசை குறைவாக இருக்கும். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் நெரியும். "இதை மட்டும் முடித்துவிட்டுப் போகலாம்" என்று இரண்டரை ஆகும். வெயிலில் பகல் முழுக்கப் பசி அடங்கியும் கிடக்கும், அதனால் சமாளித்துவிட்டோம் என்றே தோன்றும். நான்கு மணிக்குக் கால் கடுகடுக்க நிழலில் உட்காரும்போது, சின்னவன் பாதி தின்றுவிட்டு வைத்த பிரெஞ்ச் ஃப்ரைஸ் தட்டு உங்கள் முன்னால் இருக்கும். கண் மேப்பில் இருக்கும், கை தட்டில் இருக்கும். ஒரு துண்டு 15 கலோரி போல. பத்துத் துண்டு போனது தெரியவே தெரியாது. அதற்குப் பக்கத்திலேயே மீந்துபோன பர்கர் ஓரமும் கெட்சப்பும் இருக்கும். பிள்ளைகளின் மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று பழகிய அம்மாக்களுக்கு இது இன்னும் கஷ்டம். அந்த வேளையில் மன உறுதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஏழு மணி நேரம் சரியாகச் சாப்பிடாத உடம்பு, கிடைத்ததைத் தின்னத்தான் செய்யும். அது உங்கள் குறையல்ல.

ஆகவே திட்டம் என்பது நான்கு மணிக்கு எதை மறுப்பது என்பதைப் பற்றியதல்ல. நான்கு மணிக்குப் பசியோடு போய்ச் சேராமல் இருப்பதைப் பற்றியது. அதற்குக் காலை எட்டு மணிக்கே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஹோட்டல் பஃபே உங்களுக்கு நல்ல வாய்ப்பு. அங்கே முதலில் தட்டை எடுக்காமல் ஒரு சுற்று முழுதாக நடந்து பாருங்கள், அப்புறம் எடுங்கள். இரண்டு முட்டை, ஒரு கப் சர்க்கரை சேர்க்காத தயிர், இரண்டு துண்டு ரொட்டி, ஒரு பழம் என்று எடுத்தால் சுமார் 25 முதல் 30 கிராம் புரதம் கிடைக்கும், கலோரி 550 வாக்கில் நிற்கும். மதியம் வரை நன்றாகத் தாங்கும். முட்டை சாப்பிடாதவர் என்றால் கெட்டித் தயிரை இரட்டிப்பாக்கி, பாலாடைக்கட்டியும் பருப்பு வகை ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனிப்பு பன், டோனட், ஜாம், பழச்சாறு என்று போனால் அதே 550 கலோரி உள்ளே போகும், பத்தரை மணிக்கே பசிக்கும். ஆரஞ்சு ஜூஸ் ஒரு கப்பில் 110 கலோரி இருக்கிறது. பழமாகவே சாப்பிட்டால் நார்ச்சத்தும் கிடைக்கும், வயிறும் நிறைந்த மாதிரி இருக்கும்.

மதியச் சாப்பாட்டைப் பதினொன்றேகால், பதினொன்றரைக்கே முடித்துவிடுங்கள். இதைச் சொன்னால் பலர் தயங்குவார்கள், செய்து பார்த்த பிறகு விடமாட்டார்கள். கடையில் கூட்டம் இருக்காது, மெனுவை நிதானமாகப் படிக்கலாம், சாஸைத் தனியாகத் தரச் சொல்லலாம், உட்கார இடம் கிடைக்கும். எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் ரைடுகளிலும் வரிசை கொஞ்சம் குறையும். ஃபோன் ஆப்பில் முன்கூட்டியே ஆர்டர் செய்யும் வசதி இப்போது பல பெரிய பார்க்குகளில் உண்டு. அது இருந்தால் காலையில் வயிறு நிறைந்திருக்கும்போதே மதியச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். வறுவல் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போது தேர்ந்தெடுப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

என்ன எடுப்பது? வாட்டிய கோழி, மீன், பீன்ஸ், காய்கறி, சாதம் போட்ட கிண்ணம் மாதிரி ஏதாவது ஒன்று பெரும்பாலான பார்க்குகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சாதாரண பர்கரே போதும், பக்கத்தில் ஃப்ரைஸுக்குப் பதில் பழமோ காயோ கேளுங்கள். ஃப்ரைஸ் 100 கிராமுக்கே 300 கலோரியைத் தாண்டும். சாலட் என்றாலே குறைவு என்று நம்பிவிடாதீர்கள். மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டிக்கு 90 கலோரிக்கு மேல் இருக்கிறது, அதை வைத்துச் செய்த டிரெஸ்ஸிங்கும் ஏறக்குறைய அதே ரகம். பொரித்த கோழியையும் சீஸையும் மேலே தூவிய சாலட், பர்கரையே மிஞ்சிவிடும். கவுன்டர் கடைகளில் சிறுவர் சாப்பாட்டைப் பெரியவர்களுக்கும் பல இடங்களில் தருகிறார்கள். அளவு சரியாக இருக்கும், பக்கத்தில் பழமும் பாலும் வரும். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

இப்போது நான்கு மணிக்கு வருவோம். அன்றைய தின்பண்டத்தை இந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒன்று, உட்கார்ந்து, முழுதாக, உங்களுக்கென்று வாங்கியது. எது என்பதை முதல் நாளே பிள்ளைகளோடு பேசி முடிவு செய்யலாம், அவர்களுக்கும் அது ஒரு விளையாட்டு. அந்தப் பார்க்கில் மட்டும் கிடைப்பது எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் யோசனை. ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும் சிப்ஸுக்கும் சாக்லேட் பாருக்கும் அந்த இடத்தைக் கொடுப்பானேன்?

சிலவற்றின் அளவு தெரிந்திருந்தால் தேர்வு எளிது. எல்லோரும் பயப்படும் பஞ்சு மிட்டாயில் இருப்பது வெறும் சர்க்கரை. 30 கிராம் குச்சி ஒன்று 120 கலோரிதான், பாதிக்கு மேல் காற்று. வயிறு நிறையாது, ஆனால் ஆசைக்கு ஒன்று சாப்பிட்டால் குடி முழுகாது. "லைட்டா இருக்கட்டும்" என்று எல்லோரும் வாங்கும் பாப்கார்ன்தான் ஏமாற்றும். எண்ணெயில் பொரித்த பாப்கார்ன் ஒரு கப் 55 கலோரி. பக்கெட்டில் 15 கப் இருந்தால் 800-ஐத் தாண்டிவிடும், வரிசையில் நிற்கும்போது கை அதிலேயே இருக்கும். நான்கு பேருக்கு ஒரு பக்கெட் என்றால், உங்கள் பங்கை ஒரு காகிதக் கப்பில் போட்டுக்கொண்டு பக்கெட்டைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். சாதாரண கோன் ஐஸ்கிரீம் 200 கலோரி வாக்கில் இருக்கும். அதன் மேல் பிரவுனி, கேரமல், கிரீம் என்று கட்டினால் ஒரு வேளைச் சாப்பாடாகிவிடும். சுரோஸ் மாதிரி எண்ணெயில் பொரித்துச் சர்க்கரையில் புரட்டியவை ருசியாக இருக்கும். ஒன்றை இரண்டு பேர் பங்கு போட்டால் போதும்.

குடிப்பதில் மட்டும் கறாராக இருங்கள். ஐந்து நாளில் ஒரே ஒரு விதியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்று யாராவது சொன்னால், சர்க்கரை கலந்த பானம் வேண்டாம் என்பதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 355 மில்லி கோலாவில் 140 கலோரி, 39 கிராம் சர்க்கரை. பார்க்கில் விற்கும் கப்புகள் அதைவிடப் பெரியவை. தாகத்துக்குக் குடிக்கும்போது இரண்டாவது மூன்றாவது என்று போய்விடும், ஆனால் சாப்பாட்டின் அளவு அதனால் கொஞ்சமும் குறையாது. சர்க்கரையில்லாத கோலா குடித்தால் பரவாயில்லை, தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. காலிப் பாட்டில் ஒன்றை எடுத்துப் போங்கள், பார்க்குகளில் நிரப்பிக்கொள்ளக் குழாய்கள் இருக்கும். ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் கவுன்டர் உணவுக் கடைகளில் கேட்டால் ஒரு கப் ஐஸ் தண்ணீர் இலவசமாகவே தருவார்கள். மற்ற பார்க்குகளிலும் கேட்டுப் பாருங்கள். மது குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ஒரு 355 மில்லி பியர் 150 கலோரி, அதோடு கூடவே தட்டில் ஏதாவது வந்து சேரும்.

முன்பணம் கட்டும் திட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளும் கப், நிரப்பித் தரும் பாப்கார்ன் பக்கெட், இத்தனை சாப்பாடு இத்தனை தின்பண்டம் என்று மொத்தமாக விற்கும் உணவுத் திட்டம் எல்லாம் பார்க்க லாபமாக இருக்கும். ஆனால் காசு கொடுத்த பிறகு வயிறு கணக்குப் பார்க்காது, பர்ஸ்தான் பார்க்கும். கொடுத்த காசுக்கு ஈடு கட்டவே மனிதர் சாப்பிடுவார். கடைசி நாள் மதியம் மிச்சமிருக்கும் நாலு தின்பண்டக் கூப்பனை வீணாக்க மனம் வராமல், பசியே இல்லாமல் வாங்கித் தின்றவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கணவர் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் அவரிடம் பேசிப் பாருங்கள். சாப்பாட்டைத் தனித்தனியாக வாங்குவது உங்கள் அளவுக்குப் பெரும்பாலும் மலிவாகவே முடியும். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், சேர்ந்து வரும் இனிப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். பானத்துக்குத் தண்ணீர் பாட்டிலை எடுங்கள்.

டப்பா வேண்டாம் என்றேன், பை வேண்டாம் என்று சொல்லவில்லை. பையில் எப்போதும் இரண்டு வேளைக்கான பாதுகாப்பு இருக்கட்டும்: ஒரு கைப்பிடி பாதாம் அல்லது வறுத்த கடலை, ஒரு ஆப்பிள். 30 கிராம் பாதாம் 170 கலோரி. சாப்பாடு தள்ளிப்போகிற நாளில் அதை ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டால் நான்கு மணி உங்களை ஒன்றும் செய்யாது. வெளி உணவை அனுமதிப்பது பார்க்குக்குப் பார்க் மாறும். டிஸ்னி வேர்ல்டில் கண்ணாடிப் பாத்திரம் இல்லாமல் கொண்டுபோகலாம். சில பார்க்குகளில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், ஆனால் மருத்துவக் காரணம் இருந்தாலோ குழந்தைக்கு என்றாலோ விடுவது வழக்கம். கிளம்புவதற்கு முன் அவர்கள் இணையதளத்தில் விதியைப் படித்துவிடுங்கள். அவித்த முட்டை, சிக்கன் சாண்ட்விச் மாதிரி கெடக்கூடியவற்றை வெயிலில் சுமக்க வேண்டாம். அறை வெப்பத்திலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவற்றை வைக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் ஒரு மணி நேரம்தான். சுற்றுலாவில் வயிறு கெட்டால் எடைக் கணக்கெல்லாம் அப்புறம்.

இரவுச் சாப்பாடுதான் எனக்கு அதிகம் கவலை தரும் வேளை. வாணவேடிக்கை முடிந்து பத்து மணிக்கு ஹோட்டலுக்கு வந்தால், பகலில் வெயில் அடக்கி வைத்த பசி மொத்தமும் அப்போதுதான் எழும். பீட்சா ஆர்டர் செய்யும் நேரம் அது. வாணவேடிக்கைக்கு முன்னால், ஆறரை மணிக்கு, பார்க்குக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். அறைக்கு வந்த பிறகு பசித்தால் ஒரு தயிர் கப், ஒரு பழம். முதல் நாளே வாங்கி அறை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது. தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். ஐந்து மணி நேரம் தூங்கிய மறுநாள் பசி கூடும், இனிப்பின் மேல் ஆசையும் கூடும். ஐந்து நாளும் விடிகாலை முதல் நள்ளிரவு வரை சுற்ற வேண்டும் என்று சட்டம் இல்லை. நடுவில் ஒரு நாள் மதியம் அறைக்கு வந்து பிள்ளைகளோடு நீச்சல் குளத்தில் கிடங்கள், எல்லோருக்கும் நல்லது.

கணவரிடம் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். "நான் டயட்ல இருக்கேன், என்னைக் கட்டாயப்படுத்தாதீங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "பதினொன்றரைக்கு மதியச் சாப்பாடு, பிள்ளைகளின் மிச்சத் தட்டை என் முன்னாலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடுங்கள்" என்று இரண்டு வேலையாகச் சொல்லுங்கள். செய்வார். பிள்ளைகள் முன்னால் "அம்மா இதைச் சாப்பிட்டால் குண்டாகிவிடுவேன்" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். "எனக்கு இப்போது பசியில்லை, நான்கு மணிக்கு நாம் சேர்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவோம்" என்றால் போதும்.

கால்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் நாளே கொப்புளம் வந்தால் மிச்ச நான்கு நாள் நடை போச்சு. புது ஷூவோடு போகாதீர்கள், குறைந்தது இரண்டு வாரம் பழகியது வேண்டும். இப்போதிலிருந்தே தினமும் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கிளம்பும் வாரத்தில் 10,000 அடிக்குப் பழகியிருங்கள். பார்க்கில் அது 17,000 ஆகும். வியர்வையில் தொடை உரசிப் புண்ணாவது பலரும் வெளியில் சொல்லாத அவஸ்தை. உள்ளே சைக்கிளிங் ஷார்ட்ஸ் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு, காலையிலேயே பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொண்டால் வராது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எடை குறைத்துக்கொண்டிருப்பவர்களில் நிறைய பேர் மனதுக்குள் வைத்திருக்கும் பயம் ஒன்று: ரைடில் அந்தக் கம்பி என் மேல் பூட்டுமா, எல்லோர் முன்னாலும் இறக்கிவிட்டுவிடுவார்களா என்று. அதற்குப் பயந்து காலையில் பட்டினியாகப் போகிறவர்களும் உண்டு. ஒரு வேளைப் பட்டினியால் இடுப்பு குறையாது; தலைசுற்றல்தான் வரும். பெரிய ரோலர் கோஸ்டர்கள் பலவற்றின் நுழைவாயிலிலேயே சோதனை இருக்கை ஒன்று போட்டிருப்பார்கள். வரிசையில் சேர்வதற்கு முன் அதில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். ஊழியர்களிடம் கேட்டால் மரியாதையாக உதவுவார்கள். ரைடுக்கு முன்னால் வயிறு காலியாகவும் இருக்க வேண்டாம், முட்டவும் வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் விட்டு ஏறுங்கள்.

மருந்து எடுப்பவர் என்றால் இரண்டு விஷயம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்தால், இவ்வளவு நடக்கும் நாளில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அளவை மாற்ற வேண்டுமா என்று போவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள், பையில் குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும். செமாக்ளூடைடு மாதிரி எடைக் குறைப்பு ஊசி போடுகிறவருக்கு வயிறு மெதுவாகத்தான் காலியாகும். எண்ணெய்ச் சாப்பாட்டை நிறையச் சாப்பிட்டுவிட்டு ரைடில் ஏறினால் வாந்தி வரலாம், வெயிலில் நீரிழப்பும் சேர்ந்தால் ஆபத்து. ஊசிப் பேனாவை 30 டிகிரிக்கு மேல் சூடாகும் பையிலோ காரிலோ விடக் கூடாது.

இனி திரும்பி வந்த பிறகு. வந்த மறுநாள் காலை மெஷினில் ஏறினால் ஒன்றோ இரண்டோ கிலோ கூடக் காட்டும். இதை இப்போதே எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அப்போது நம்பத் தோன்றாது. குறைத்துச் சாப்பிடும்போது தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு வற்றியிருக்கும். நன்றாகச் சாப்பிட்டதும் அது நிரம்பும், ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 250 கிராம் நிரம்பினாலே எடை ஒரு கிலோ ஏறிவிடும். வெளிச் சாப்பாட்டு உப்பு இன்னும் கொஞ்சம் நீரைப் பிடிக்கும், நடந்து நொந்த தசை கொஞ்சம் பிடிக்கும், பயணத்தில் மலச்சிக்கல் வேறு. இதில் கொழுப்பு என்பது சில நூறு கிராம் இருந்தாலே அதிகம்.

அதனால் வந்து ஏழாம் நாள் காலையில்தான் எடை பார்க்க வேண்டும் என்று இப்போதே தேதி குறித்துவிடுங்கள். வந்து இறங்கும் நாளுக்கான சாப்பாடு முக்கியம். அசதியில் சமைக்க மாட்டீர்கள், ஃப்ரிட்ஜ் காலியாக இருக்கும், ஆறாவது நாளும் வெளிச் சாப்பாடு என்றால் ஏழாவது நாளும் அதுவே. கிளம்புவதற்கு முன் இரண்டு வேளைக்கான சாப்பாட்டைச் செய்து ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் காலையிலிருந்து பழைய 1500, பழைய நடை, அவ்வளவுதான். ஈடு கட்டுகிறேன் என்று 1000-க்கு இறங்காதீர்கள், ஒரு வேளையையும் தவிர்க்காதீர்கள். அப்படி இறங்கினவர்கள் மூன்றாம் நாளே அளவு மீறிச் சாப்பிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஏழாம் நாள் எண் கிளம்பியபோது இருந்த 74-ஐ ஒட்டி இருந்தால் வழக்கம்போல் தொடருங்கள். அரை கிலோ கூட இருந்தாலும் செய்ய வேண்டியது அதேதான். உங்களுக்கு இப்போது இருக்கும் வேகத்தில், அது இறங்க ஒன்று முதல் ஒன்றரை வாரம் ஆகும்.